ஆக்டோபஸ் கரங்கள்: ஓர் உவமை வந்த வழி

தமிழ் மேடைப்பேச்சிலும் தலையங்கங்களிலும் அடிக்கடி தட்டுப்படும் ஒரு சொற்றொடர் "ஆக்டோபஸ் கரங்கள்". ஏகாதிபத்தியத்தின் ஆக்டோபஸ் கரங்கள், ஊழலின் ஆக்டோபஸ் கரங்கள், கந்துவட்டியின் ஆக்டோபஸ் கரங்கள்... ஒரு விஷயம் எல்லா இடத்திலும் பரவியிருக்கு, பிடிச்சா விடாது என்று சொல்லணும்னா இந்த உவமை கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கும். கேட்கிறவர்களில் பாதிப்பேர் உயிரோடு ஓர் ஆக்டோபஸைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் சட்டென்று புரிந்துவிடுகிறது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அந்த விலங்குக்குத் தமிழில் பெயர் இல்லாமல் இல்லை. கடற்கரையில் பேய்க்கணவாய் என்பார்கள். சாக்குக்கணவாய் என்ற பெயரும் உண்டு. பாக்கு நீரிணைப் பக்கம் பெரிய சங்கு ஓடுகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கடலில் இறக்கி, அதற்குள் வந்து ஒடுங்கும் கணவாயைப் பிடிக்கும் வழக்கமும் பதிவாகியிருக்கிறது. இவ்வளவு இருந்தும் "ஊழலின் பேய்க்கணவாய்க் கரங்கள்" என்று யாரும் எழுதுவதில்லை. எழுதினால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆக, விலங்கு நம்முடையது, உவமை இறக்குமதி. அது எங்கிருந்து கிளம்பி எப்படி வந்தது என்று தேடிப் போனபோது சேர்ந்த குறிப்புகளைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதலில் பெயர்கள்

கணவாய் என்பது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. உள்ளே ஓடு உள்ளது ஓட்டுக்கணவாய். அந்த ஓட்டைத்தான் சித்த மருந்துக் கடையில் "கடல் நுரை" என்று விற்கிறார்கள். ஒல்லியாக, நீளமாக இருப்பது ஊசிக்கணவாய். ஓடும் இல்லாமல், எலும்பும் இல்லாமல், எட்டுக் கைகளோடு பாறை இடுக்கில் பதுங்கிக் கிடப்பது பேய்க்கணவாய். "சாக்கு" என்ற பெயர் எப்படி வந்திருந்தாலும் சரி, உடற்கூற்றியல்படி அது ரொம்பப் பொருத்தம். படங்களில் நாம் ஆக்டோபஸின் பெரிய மண்டை என்று நினைக்கிற அந்த உருண்டை உண்மையில் தலை இல்லை. செவுள், இதயங்கள், குடல் எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கும் பை அது. தலை, கண்கள் இருக்கும் அந்தச் சின்ன இடம்தான்.

ஆக்டோபஸ் என்ற சொல் கிரேக்கம். ஆக்டோ என்றால் எட்டு, பூஸ் என்றால் கால். கிரேக்க ஆக்டோவும் சமஸ்கிருத அஷ்டமும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. கிரேக்கப் பூஸும் சமஸ்கிருதப் பாதமும் அப்படியே. அதாவது ஆக்டோபஸை எழுத்துக்கு எழுத்து சமஸ்கிருதத்தில் வைத்தால் அஷ்டபாதம். ஜெயதேவரின் அஷ்டபதியும் கடலில் நீந்தும் ஆக்டோபஸும் தூரத்துச் சொந்தம் என்றால் பஜனை மடத்தில் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் சொல்லியல் அப்படித்தான் சொல்கிறது.

பழைய கிரேக்கர்கள் பேச்சு வழக்கில் இதை அதிகமாகப் "பாலிபூஸ்" என்றுதான் சொன்னார்கள். பல கால்கள் கொண்டது என்று பொருள். ஸ்பானிய மொழியின் புல்போ, இத்தாலிய மொழியின் போல்போ, பிரெஞ்சின் பூல்ப் எல்லாம் அதன் பிள்ளைகள். காது மூக்கு தொண்டை மருத்துவர் "மூக்கில் பாலிப் வளர்ந்திருக்கு" என்கிறாரே, அந்தப் பாலிப்பும் இதேதான். மூக்குக்குள் வேர்விட்டு ஒட்டிக்கொண்ட சதையைப் பார்த்த பழைய மருத்துவர்களுக்குக் கணவாய் ஞாபகம் வந்திருக்கிறது.

மற்ற மொழிகளில் வேறு வேறு கண்கள். நார்வேக்காரர்களுக்கு இது "மை பீச்சி". ஐஸ்லாந்துக்காரர்களுக்குக் "கரி நண்டு". சீன மொழியில் இதற்குள்ள பெயர்களில் ஒன்றின் பொருள் "எட்டு நகக்கால் மீன்". தமிழில் அகராதிக்காகச் செய்த சொல் எண்காலி. கவனியுங்கள்: பெயர் வைக்கும்போது பெரும்பாலும் கால் என்கிறார்கள். உவமை சொல்லும்போது மட்டும் கரம் ஆகிவிடுகிறது. கால் நடக்கும், ஓடும். பிடித்து நெரிப்பதற்குக் கை வேண்டுமே! விலங்கியலாளர்களும் இவற்றைக் கை என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அது வேறு காரணத்துக்காக.

சாப்பிட்டவர்களுக்குப் பயம் இல்லை

ஆக்டோபஸைத் தினமும் பிடித்து, அடித்து, காயவைத்துச் சாப்பிட்ட சமூகங்களில் அது பூதமாக இல்லை என்பதுதான் நான் முதலில் கவனித்தது.

கிரேக்க இலக்கியத்தில் ஒடிசியின் 5ஆம் பாகத்தில் ஓர் உவமை வருகிறது. புயலில் சிக்கிய ஒடிசியஸ் பாறையைப் பற்றிக்கொள்கிறான், அலை அவனைப் பிய்த்து இழுக்கிறது. பொந்திலிருந்து இழுக்கப்படும் ஆக்டோபஸின் உறிஞ்சிகளில் கூழாங்கற்கள் ஒட்டிக்கொண்டு வருவதோடு ஹோமர் அதை ஒப்பிடுகிறார். இங்கே ஆக்டோபஸ் யார்? கதாநாயகன்! பிடித்து இழுப்பது கடல். உயிருக்காக ஒட்டிக்கொண்டிருப்பது ஆக்டோபஸ். நம் மேடைப் பேச்சு உவமைக்கு நேர் எதிர்.

கி.மு. 6ஆம் நூற்றாண்டு வாக்கில் பாடிய தியோக்னிஸ், ஒட்டிய பாறையின் நிறத்தை எடுத்துக்கொள்ளும் ஆக்டோபஸைப் போல ஆளுக்குத் தக்கபடி குணத்தை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். பச்சோந்தி என்று நாம் திட்டுவதை அவர் புத்திசாலித்தனம் என்கிறார். அரிஸ்டாட்டில் மட்டும் வேறு மாதிரி. தண்ணீருக்குள் கையை விட்டால் கிட்டே வந்து மாட்டிக்கொள்வதால் இது முட்டாள் பிராணி என்று எழுதி வைத்தார். இன்றைய ஆய்வாளர்கள் அதையே ஆர்வம் என்பார்கள்.

ஹெசியோட் பனிக்காலத்தை வர்ணிக்கும் இடத்தில், எலும்பில்லாத ஒன்று தன் காலையே கடித்துக் கிடப்பதாக ஒரு விடுகதை போன்ற குறிப்பு உண்டு. அது ஆக்டோபஸ்தான் என்று உரையாசிரியர்கள் பலர் சொன்னார்கள். பசித்தால் தன் காலையே தின்னும் என்ற நம்பிக்கை அன்றே இருந்திருக்கிறது. அரிஸ்டாட்டில் அதை மறுத்து, கை இல்லாத ஆக்டோபஸ்களைக் கடித்தது விலாங்கு வகை மீன் என்றார். பெரும்பாலும் அவர் சொன்னது சரி. இழந்த கை மறுபடி வளர்ந்துவிடும். தொட்டியில் அடைத்து வைத்த ஆக்டோபஸ்கள் சில சமயம் தங்கள் கையைத் தாமே கடிப்பதும் உண்டு. அது பசியால் அல்ல, நோயால் என்று கருதுகிறார்கள்.

அதே நம்பிக்கை ஜப்பானிலும் உண்டு. அங்கே அது வணிக மொழிக்குள் புகுந்துவிட்டது. லாபமே இல்லாமல், முதலிலிருந்து எடுத்துப் பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் கொடுக்கும் கம்பெனியின் செயலுக்கு "தாகோ ஹைதோ" என்று பெயர். தாகோ என்றால் ஆக்டோபஸ். தன் காலைத் தானே தின்னும் டிவிடெண்ட்! இதைவிடச் சுருக்கமாக ஒரு கணக்குப் பித்தலாட்டத்தை விளக்க முடியுமா?

ஜப்பானியத் தாகோச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கதை. ஒரே பிளக் பாயிண்டில் ஏகப்பட்ட ஒயர்களைச் செருகி வைப்பது "தாகோ கால் ஒயரிங்". தீ விபத்து எச்சரிக்கைகளில் இன்றும் வரும் சொல். "தாகோபெயா", அதாவது ஆக்டோபஸ் அறை, சிரிக்க முடியாத சொல். ஹொக்கைடோவில் சாலை, ரயில், சுரங்க வேலைகளுக்கு ஆட்களைக் கொண்டுவந்து அடைத்து வைத்த தொழிலாளர் கொட்டடிகளின் பெயர் அது. உள்ளே போனால் பானைக்குள் போன ஆக்டோபஸ் போல வெளியே வரமுடியாது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. இங்கேயும் பாருங்கள், ஆக்டோபஸ் மாட்டிக்கொண்டவன். மாட்டி வைத்தவன் இல்லை.

அந்தப் பானைதான் "தாகோட்சுபோ". குறுகிய கழுத்துள்ள மண்பானை. இரை கிடையாது, கதவு கிடையாது. இருட்டான இடுக்கு கிடைத்தால் போதும், ஆக்டோபஸ் தானாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே இழுக்கும்போதும் இன்னும் ஒடுங்குமே தவிர ஓடாது. நம் பாக்கு நீரிணையின் சங்கு ஓட்டுக் கயிறும் இதே தந்திரம்தான். பாஷோ 1688இல் அகாஷிக் கடற்கரையில் இந்தப் பானைகளை வைத்து ஒரு ஹைக்கூ எழுதியிருக்கிறார். 300 ஆண்டு கழித்து, 1990 வாக்கில், ஜப்பானிய மருத்துவர்கள் ஓர் இதய நோய்க்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பெரிய துக்கமோ அதிர்ச்சியோ தாக்கும்போது சிலருக்கு இதயத்தின் இடது கீழறை உப்பி, படத்தில் அச்சு அசலாக அந்தப் பானை போலத் தெரிகிறது. மாரடைப்பு மாதிரியே நெஞ்சுவலி வரும். ஆனால் ரத்தக்குழாயில் அதற்குக் காரணமான அடைப்பு இருக்காது. "உடைந்த இதய நோய்" என்று பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான்.

பூதம் பிறந்தது காகிதத்தில்

அப்படியானால் நெரிக்கும் ஆக்டோபஸ் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வடக்கு ஐரோப்பாவின் அச்சுக்கூடங்களிலிருந்து.

1750களில் நார்வேயின் பெர்கன் நகர ஆயர் பொன்டோபிடான், தன் நாட்டின் இயற்கை வரலாற்றை எழுதும்போது தீவளவு பெரிய "கிராக்கன்" என்ற கடல் பிராணியைப் பற்றிய மீனவர் கதைகளைச் சேர்த்தார். 1802இல் பிரெஞ்சு விலங்கியலாளர் தெனி த மோன்ஃபோர், பாய்மரக் கப்பலைக் கட்டிப்பிடித்து மூழ்கடிக்கும் ராட்சத ஆக்டோபஸின் படத்தை வெளியிட்டார். இந்தக் கதைகளுக்குப் பின்னால் உண்மையில் இருந்தது ஆழ்கடலின் ராட்சத ஊசிக்கணவாயாக இருக்கலாம். 1857இல் டென்மார்க்கின் ஸ்டீன்ஸ்ட்ரப் அதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். ஆனால் பழி விழுந்தது ஆக்டோபஸ் மேல்.

1866இல் விக்டர் ஹியூகோ "கடலின் உழைப்பாளிகள்" என்ற நாவலை எழுதினார். அப்போது அவர் நாடு கடத்தப்பட்டு கர்ன்சி தீவில் இருந்தார். நாவலில் கதாநாயகன் கடல் குகையில் ஓர் ஆக்டோபஸோடு சண்டை போடுகிறான். தீவுக்காரர்கள் பேச்சில் இருந்த "பியூவ்ர்" என்ற சொல்லை ஹியூகோ அதற்குப் பயன்படுத்தினார். அந்தச் சொல் பாரிஸைப் பிடித்துக்கொண்டது. இன்று பிரெஞ்சில் ஆக்டோபஸுக்கு அதுவே பொதுப்பெயர். சில ஆண்டுகளில் ஜூல் வெர்னின் நீர்மூழ்கிக் கதையும் வந்தது. பிரைட்டன் நீர்வாழ் காட்சிசாலையின் இயற்கையியலாளர் ஹென்றி லீ பொறுக்கமாட்டாமல் 1875இல் ஒரு புத்தகமே எழுதினார்: கதையில் வரும் பேய்மீன் வேறு, என் தொட்டியில் இருப்பது வேறு என்று. யார் கேட்டார்கள்?

கார்ட்டூன்காரர்கள் அதற்குள் கையில் எடுத்துவிட்டார்கள். 1877இல் ரஷ்ய-துருக்கிப் போரின்போது பிரெட் ரோஸ் என்ற ஆங்கிலேயர் ஐரோப்பாவின் நையாண்டி வரைபடம் ஒன்றை வெளியிட்டார். அதில் ரஷ்யா ஆக்டோபஸ். அண்டை நாடுகளின் கழுத்திலும் காலிலும் அதன் கைகள். 1882இல் சான் பிரான்சிஸ்கோவின் "வாஸ்ப்" பத்திரிகையில் கெல்லர் ரயில்வே ஏகபோகத்தை அப்படி வரைந்தார். 1901இல் பிராங்க் நாரிஸ் கலிபோர்னியாவின் கோதுமை விவசாயிகளுக்கும் ரயில்வேக்கும் நடந்த மோதலை நாவலாக எழுதி "ஆக்டோபஸ்" என்றே தலைப்பு வைத்தார். 1904இல் "பக்" பத்திரிகையில் கெப்ளர் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியை ஆக்டோபஸாக்கினார்: எண்ணெய்த் தொட்டிதான் உடம்பு, ஒரு கை நாடாளுமன்றக் கட்டடத்தைச் சுற்றியிருக்கிறது, இன்னொன்று வெள்ளை மாளிகைப் பக்கம் நீள்கிறது.

அதே 1904இல், ரஷ்ய-ஜப்பான் போர் நேரம், ஒஹாரா கிசபுரோ என்ற ஜப்பானிய மாணவர் ரஷ்யாவைக் கறுப்பு ஆக்டோபஸாக வரைந்த வரைபடம் ஒன்று டோக்கியோவில் வெளியானது. ஆக்டோபஸை ரசித்துச் சாப்பிடும் நாடு, அதே விலங்கைப் பூதமாக ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி செய்துகொண்டது! நமக்கு நடந்ததும் இதுதான் என்பது என் ஊகம். மீனவரிடமிருந்து வராமல் ஆங்கிலப் பத்திரிகை வழியே வந்ததால்தான் உவமையில் பேய்க்கணவாய் இல்லை, ஆக்டோபஸ் இருக்கிறது.

இதில் என்ன கெட்டுப்போச்சு?

ஒரு உவமைதானே, விட்டுவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் அதே காலத்தின் இன்னொரு படத்தைப் பாருங்கள். 1886இல் ஆஸ்திரேலியாவின் "புல்லட்டின்" இதழில் பில் மே வரைந்தது. அங்கே குடியேறிய சீனர்களை ஒரே ஆக்டோபஸாக வரைந்து, ஒவ்வொரு கையிலும் ஒரு குற்றத்தை எழுதி வைத்தார்: மலிவுக் கூலி, அபின், சூதாட்டம், நோய் என்று. அடுத்த நூற்றாண்டில் நாஜிப் பிரச்சாரம் யூதர்களை உலகைச் சுற்றிய ஆக்டோபஸாக வரைந்தது. அதன் முடிவு என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டாண்டர்ட் ஆயிலின் படமும் சீனத் தச்சர்களையும் காய்கறி வியாபாரிகளையும் குறிவைத்த படமும் வடிவத்தில் ஒன்றுதான். முதலாவதன் பின்னால் ஆவணங்கள் இருந்தன, வழக்கு நடந்தது, 1911இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கம்பெனி உடைக்கப்பட்டது. இரண்டாவதன் பின்னால் வெறுப்பு மட்டும் இருந்தது. படத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதுதான் இந்த உவமையின் வசதி: தொடர்பை நிரூபிக்க வேண்டாம், ஒரு கை வரைந்தால் போதும். நூறு தனித்தனி மனிதர்களை, தனித்தனிச் சம்பவங்களை ஒரே உடம்பில் ஒட்டவைத்து, எங்கோ இருட்டில் ஒரு தலை எல்லாவற்றையும் ஆட்டுவிக்கிறது என்று நம்பவைத்துவிடலாம்.

வேடிக்கை என்னவென்றால், நிஜ ஆக்டோபஸ் அப்படி வேலை செய்வதே இல்லை. அதன் உடம்பில் சுமார் 50 கோடி நரம்பணுக்கள். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கின்றன. உறிஞ்சிகள் தொட்டே சுவை அறியும். துண்டித்த கை கூடக் கொஞ்ச நேரம் தொடுகைக்கு எதிர்வினை காட்டும். மூளை "அதை எடு" என்று பொதுவாகச் சொல்லும். எப்படி எடுப்பது என்பதில் பெரும்பகுதியைக் கையே பார்த்துக்கொள்ளும். ஒரே தலை எல்லாக் கைகளையும் ஆட்டுவிக்கும் சதிக்கு இவ்வளவு பொருந்தாத விலங்கு வேறு இல்லை. மனிதரைக் கொல்லும் ஆபத்துள்ளது என்று பார்த்தாலும், அது உள்ளங்கையில் அடங்கும் நீலவளைய ஆக்டோபஸ்தான். அதன் ஆயுதம் கை அல்ல, கடி.

பல கைகள் என்றாலே பயம் என்பதும் இயற்கை விதி இல்லை. காஞ்சிபுரத்தில் அட்டபுயகரம் என்ற திவ்யதேசம் இருக்கிறது. அங்கே பெருமாளுக்கு எட்டுக் கைகள். அதைப் பார்க்கும் பக்தருக்கு நெரிக்க வருகிறார் என்றா தோன்றுகிறது? காக்க இத்தனை கைகள் இருக்கின்றன என்ற தைரியம்தான் வருகிறது. டென்மார்க்கில் வேலை விளம்பரங்களில் "மை பீச்சி தேவை" என்ற பொருளில் எழுதுவார்கள். ஒரே நேரத்தில் பத்து வேலையைச் சமாளிக்கிற அலுவலக உதவியாளரைத்தான் தேடுகிறார்கள். அதே நாட்டில் 2013இல் தொடங்கிய ஒரு தன்னார்வ வழக்கம், குறைமாதக் குழந்தைகளின் படுக்கையில் குரோஷாவில் பின்னிய குட்டி ஆக்டோபஸை வைப்பது. தொப்புள்கொடியைப் பிடித்துக்கொண்டிருந்த பிஞ்சு விரல், மருத்துவக் குழாயை இழுக்காமல் அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று.

திரும்பவும் நம் "கந்துவட்டியின் ஆக்டோபஸ் கரங்கள்" பக்கம் வருவோம். அந்தத் தலைப்பைப் படிக்கும்போது கோபம் வருகிறது, ஆனால் யார் மேல்? ஒரு கடல் பிராணி மேல். வட்டிக்கு விட்டவர் பெயர், வாசலில் வந்து மிரட்டியவர் பெயர், புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பியவர் பெயர், அவசரத்துக்குக் கடன் தராத வங்கி... இவை எட்டோ பத்தோ தனித்தனி ஆட்கள், தனித்தனிப் பொறுப்புகள். உவமை அவர்கள் எல்லோரையும் தண்ணீருக்குள் மறைத்துவிடுகிறது. ஆக்டோபஸ் மை பீச்சித் தப்பிக்கும் என்பது தெரிந்ததுதானே.

அதனால் இப்போதெல்லாம் இந்தச் சொற்றொடரைப் பார்த்தால் கைகளை எண்ண ஆரம்பிக்கிறேன். ஒவ்வொரு கைக்கும் ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு ஆதாரம் கட்டுரையில் கிடைக்கிறதா என்று. கிடைத்தால் அந்தக் கட்டுரைக்கு ஆக்டோபஸே தேவையில்லை. கிடைக்காவிட்டால், பாவம், பாறை இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கும் அந்தப் பேய்க்கணவாயை விட்டுவிடலாம்.